எலும்புக்குள் எரியும் விளக்கு யாருக்கு?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு. சங்ககிரி பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு தொழிலாளி தேடிக்கொண்டு வந்தார். லாரிகளுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் பெயிண்ட் அடிப்பவர். வயது முப்பத்திரண்டு. அவர் மனைவி விசைத்தறியில் தார் சுற்றுகிறார். இரண்டு பிள்ளைகள்.

வந்தவர் டீ வேண்டாம் என்றார். சட்டைக்குள்ளிருந்து ஒரு பெரிய உறையை எடுத்து என் முன்னால் வைத்தார். உள்ளே நான்கு பக்க ஆங்கிலம். நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன். எழுத்துக் கூட்டி, தட்டுத் தடுமாறி வாசித்தேன். "எலும்பு மஜ்ஜை முழுவதும் மருந்து மிகுதியாக ஏறியிருக்கிறது, நோய் பரவியிருக்கக் கூடும், மற்ற விவரங்களோடு ஒத்துப் பார்க்கவும்" என்பதுதான் அதன் சாரம்.

கடைசி வாக்கியத்தை அவருக்கு யாரும் சொல்லவில்லை. படம் எடுத்த தனியார் கூடத்தில், உறையை நீட்டிய ஆள், "எலும்புக்குள்ள இறங்கிருச்சு" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"அண்ணா, இனிமேல் வைத்தியத்துக்குக் காசு கொட்டறது வீணுங்க. சொந்தமா இருக்கறது ஒரு தறி. அதையும் வித்துப்போட்டா புள்ளைக நடுத்தெருவுல நிக்கும். திங்கக்கிழமை ஊசிக்கு நான் போகலைங்க" என்றார்.

அவருக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் அந்த உறைக்குள் இருந்த விஞ்ஞானம் என்ன, அது எங்கிருந்து வந்தது, அது யாருடைய சொத்து என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தெரியாத காரணத்தால் ஒரு மனிதன் பிழைக்கும் வழியைக் கைவிடப் பார்த்தான். இது அவர் ஒருவரின் கதை அல்ல. அதனால்தான் எழுதுகிறேன்.

நல்லிக்குள் ஓர் ஆலை

நல்லி எலும்பைத் தட்டி உறிஞ்சிச் சாப்பிட்டிருக்கிறோம். அந்த எலும்புக்குள் இருக்கும் கொழகொழப்பான பொருள்தான் மஜ்ஜை. நம் உடம்பில் அது இரண்டு விதம். கை கால்களின் நீண்ட எலும்புகளில் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மஞ்சள் மஜ்ஜை, அது கொழுப்பு. முதுகெலும்பு, இடுப்பெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்புகள் ஆகியவற்றில் இருப்பது சிவப்பு மஜ்ஜை. நம் இரத்தம் உற்பத்தியாகும் ஆலை இந்தச் சிவப்பு மஜ்ஜைதான்.

அந்த ஆலையில் 'ஷிப்ட்' கிடையாது, விடுமுறை கிடையாது. வளர்ந்த மனிதன் ஒருவனின் மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணுக்களை உற்பத்தி செய்கிறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் உழைத்துத் தேய்ந்து போகிறது. அதன் இடத்துக்குப் புதியது வரவேண்டும். நோயோடு போராடும் வெள்ளை அணுக்களும், இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களும் அங்கிருந்தே வருகின்றன.

இந்த ஆலைக்குள் புற்றுநோய் புகுந்தால் என்ன ஆகும்? இடத்தை அது பிடித்துக்கொள்ளும். உற்பத்தி குறையும். உடம்பு வெளுக்கும், மூச்சு வாங்கும், சின்னக் காய்ச்சல்கூட ஆளைச் சாய்க்கும், ஈறில் இரத்தம் கசியும். இரத்தப் புற்றுநோய் மஜ்ஜையிலேயே பிறக்கிறது. மைலோமா என்னும் நோயும் அங்கேயே பிறந்து எலும்பை அரிக்கிறது. நிணநீர்க்கட்டிப் புற்றுநோய் கழுத்திலோ அக்குளிலோ தோன்றி மஜ்ஜைக்கு வரலாம். மார்பகம், ஆண்களின் புராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றின் புற்றுநோயும் எலும்புக்குப் பரவக்கூடியது.

ஆகவே, நோய் மஜ்ஜைக்குள் புகுந்துவிட்டதா என்பது டாக்டருக்கு முக்கியமான கேள்வி. எந்த மருந்து, எத்தனை தடவை, எவ்வளவு கடுமையாக என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தவை.

ஒரு துளை போதுமா?

இந்தக் கேள்விக்குப் பழைய விடை ஊசி. இடுப்பெலும்பின் பின்புறத்தை மரக்கச் செய்து, தடித்த ஊசியை இறக்கி, ஒரு துணுக்கு மஜ்ஜையை எடுத்துச் சோதிப்பார்கள். வலி உண்டு. ஆனால் முதுகுத் தண்டில் குத்துகிறார்கள், குத்தினால் கால் போய்விடும் என்று ஊரில் சொல்கிறார்களே, அது பொய். அந்த ஊசி முதுகுத் தண்டின் பக்கமே போவதில்லை. இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் இந்த ஊசிச் சோதனை இல்லாமல் முடியாது. அணு எந்த வகை என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஆனால் ஊசிக்கு ஒரு குறை உண்டு. திருச்செங்கோட்டு ரிக் வண்டி நாடெங்கும் போய்க் கிணறு தோண்டுகிறது. நமக்கு அந்தத் தொழில் தெரியும். பத்து ஏக்கர் தோட்டத்தில் ஒரு மூலையில் துளை போட்டுத் தண்ணீர் வரவில்லை என்றால், தோட்டம் முழுவதும் வறட்சி என்று சொல்ல முடியுமா? அடுத்த மூலையில் ஊற்று இருக்கலாம். மஜ்ஜையும் அப்படித்தான். நோய் திட்டுத் திட்டாக இருக்கும். ஊசி போன இடத்தில் இல்லாமல், மேலே நான்காவது முதுகெலும்பில் இருக்கலாம். ஊசி "நோய் இல்லை" என்று சொல்லும். நோயோ உள்ளே இருக்கும்.

தோட்டம் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க வழி உண்டா? உண்டு. அந்த வழிதான் அணுவின் வழி.

சாப்பாட்டுக் கடையில் பிறந்த யோசனை

ஹெவெசி என்று ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி ஒருவர். 1911-ம் ஆண்டு வாக்கில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். பஞ்சாலைகளுக்குப் பேர்போன அதே மான்செஸ்டர்தான். தங்கியிருந்த விடுதியில் மிஞ்சிப் போன பண்டத்தையே மறுநாளும் போடுகிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். விடுதிக்காரி ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நாள் தம் தட்டில் மிஞ்சியதில், கண்ணுக்குத் தெரியாத அளவு கதிர்வீசும் பொருளைக் கலந்துவிட்டார். சில நாள் கழித்து வந்த பண்டத்தின் அருகே கருவியைக் கொண்டுபோனார். கருவி அசைந்தது! பழையது தான் என்பது வெளிப்பட்டுவிட்டது. 'மெஸ்'ஸில் சாப்பிடும் நம் ஆலைத் தோழர்களுக்கு அவர் மீது மரியாதை வருவது நியாயமே.

இந்த விடுதிக் கதைக்குள் இருக்கும் தத்துவம் பெரியது. ஒரு பொருளோடு சிறிதளவு கதிர்வீசும் அணுவைச் சேர்த்து அனுப்பினால், அது எங்கே போகிறது, எங்கே தங்குகிறது என்பதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். உடம்பை அறுக்க வேண்டாம். இந்த 'தடங்காட்டி' முறைக்காக ஹெவெசிக்கு 1943-ம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் உடம்புக்குள் செலுத்த ஏற்ற அணுக்கள் இயற்கையில் இல்லை. அவற்றை மனிதன் செய்ய முடியுமா? 1934 ஜனவரியில் பாரிஸ் நகரில் ஐரீன் கியூரியும் அவர் கணவர் பிரெடரிக் ஜோலியோவும் முடியும் என்று காட்டினார்கள். சாதாரண அலுமினியத்தைத் தாக்கி, கதிர்வீசும் புதிய அணுவைப் படைத்தார்கள். அடுத்த வருஷமே நோபல் பரிசு வந்தது. இன்று ஆஸ்பத்திரிகளில் படம் பிடிக்கச் செலுத்தப்படும் அணுக்கள் மனிதன் செய்தவை. அந்த வழியைத் திறந்தது அந்த 1934-ம் ஆண்டின் வேலை.

இந்தக் குடும்பத்தின் கதையில் மஜ்ஜைக்கும் ஓர் இடம் உண்டு. ரேடியத்தைக் கண்டுபிடித்த தாய் மேரி கியூரி 1934 ஜூலையில் இறந்தார். பல்லாண்டுக் கதிர்வீச்சில் அவர் மஜ்ஜை வேலை செய்வதையே நிறுத்திவிட்டது. மகள் ஐரீன் 1956-ல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். பிறர் எலும்புக்குள் பார்க்க வழி திறந்தவர்கள், தங்கள் எலும்பையே விலையாகக் கொடுத்துவிட்டார்கள்.

மூன்று படங்கள், மூன்று பாஷைகள்

சரி, படம் எப்படி எடுக்கிறார்கள்? மூன்று விதம் உண்டு. மூன்றையும் நம் ஜனங்கள் 'ஸ்கேன்' என்ற ஒரே பெயரில் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது எலும்புப் படம். டெக்னீசியம் என்ற அணுவை, எலும்பு விரும்பும் ஒரு பொருளோடு சேர்த்து ஊசியில் ஏற்றுகிறார்கள். எலும்பு எங்கே தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறதோ அங்கே அது குவியும். புற்றுநோய் அரித்த இடத்தைச் சுற்றி உடம்பு மராமத்து செய்யும்; அந்த மராமத்தை இந்தப் படம் காட்டும். இது மஜ்ஜையை நேராகக் காட்டாது. பழைய முறிவும் மூட்டுத் தேய்மானமும்கூட இதில் தெரியும்.

இரண்டாவது மஜ்ஜைப் படம். அதே டெக்னீசியத்தை மிக நுண்ணிய துகள்களோடு சேர்த்து ஏற்றுவார்கள். கல்லீரல், மண்ணீரல், மஜ்ஜை ஆகிய இடங்களில் குப்பை பொறுக்கும் அணுக்கள் உண்டு. அவை துகள்களை விழுங்கிவிடும். நல்ல மஜ்ஜை உள்ள இடமெல்லாம் படத்தில் தெரியும். நோய் பிடித்த இடத்தில் பள்ளம் விழுந்ததுபோல இருட்டாக இருக்கும்.

மூன்றாவது 'பெட்' படம். இன்று பெரிதும் பேசப்படுவது இதுதான். புற்றுநோய் அணு பெருந்தீனிக்காரன். மற்ற அணுக்களைவிட அதிகமாகச் சர்க்கரையைத் தின்பான். ஆகவே சர்க்கரை போன்ற ஒரு பொருளில் கதிர்வீசும் புளோரின் அணுவைக் கோத்து ஏற்றுகிறார்கள். ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். தீனிக்காரன் எங்கே ஒளிந்திருந்தாலும் ஒளிர்ந்து காட்டிக்கொடுப்பான். மனிதருக்கு இது முதன்முதலில் 1976 ஆகஸ்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக் கழகத்தில் செலுத்தப்பட்டது. இந்தியாவுக்கு பெட் கருவி 2002-ல் பம்பாய்க்கு வந்தது. அதைக் கொண்டு வந்தது அணுசக்தித் துறையின் கதிர் மருத்துவ மையம். அது பொதுப் பணத்தில் நடக்கும் நிலையம்.

இதனால் நோயாளிக்கு என்ன லாபம்? ஓர் உதாரணம். ஹாட்ஜ்கின் என்னும் நிணநீர்க்கட்டிப் புற்றுநோய். டென்மார்க் டாக்டர்கள் இந்த நோயாளிகள் 454 பேரை ஆராய்ந்து 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். பெட் படம் எடுத்த பிறகு, மஜ்ஜை ஊசியின் முடிவால் ஒருவருக்குக்கூட வைத்தியம் மாறியிருக்காது என்று கண்டார்கள். 2014-ல் வெளியான, லுகானோ நகரின் பெயரால் வழங்கும் சர்வதேச விதிகள் அதை ஏற்றுக்கொண்டன. பெட் படம் எடுத்த ஹாட்ஜ்கின் நோயாளிக்கு இடுப்பில் ஊசி குத்தவேண்டிய அவசியம் பொதுவாக இல்லை.

எல்லா நோய்க்கும் இப்படி அல்ல. மெதுவாக வளரும் சில கட்டிகள் சர்க்கரையை அதிகம் தின்பதில்லை. அங்கே படம் ஏமாறும், ஊசி வேண்டும். மைலோமாவில் இரண்டும் வேண்டும். ஊசி எதிரியும் அல்ல, படம் தெய்வமும் அல்ல.

படம் பொய் சொல்லுமா?

இப்போது நம் பெயிண்டர் தோழரிடம் வருவோம்.

கழுத்தில் கட்டியும் மாலைக் காய்ச்சலுமாக அவர் முதலில் போனது ஒரு தனியார் வைத்தியரிடம். கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்க்காமலே காசநோய் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். கட்டி வளர்ந்தது, ஆள் கரைந்தார். பிறகுதான் அரசாங்க ஆஸ்பத்திரியில் சதைச் சோதனை. ஹாட்ஜ்கின் என்று தெரிந்தது. இது பெரும்பாலோருக்குக் குணமாகக் கூடிய புற்றுநோய். மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். கட்டி கரைந்தது. இடையில் வெள்ளை அணு இறங்கிவிட்டதால், அதைப் பெருக்கும் ஊசி போட்டார்கள். கேட்ட தேதியில் வேறெங்கும் இடம் கிடைக்காமல், கடன் வாங்கித் தனியார் கூடத்தில் படம் எடுத்தார். அந்த உறைதான் டீக்கடைக்கு வந்தது.

திங்கட்கிழமை அவரை விடவில்லை. நானும் கூடப் போனேன். பெண் டாக்டர். படத்தை வெளிச்சத்தில் பார்த்தார். பக்கங்களைப் புரட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வெள்ளை அணுவுக்கு ஊசி போட்டு எத்தனை நாள் கழிச்சுப் படம் எடுத்தீங்க?"

"அஞ்சு நாளுங்கம்மா."

"அதை அங்கே சொன்னீங்களா?"

"அவங்க கேக்கலைங்களே."

டாக்டர் படத்தைத் திருப்பி எங்களுக்குக் காட்டினார். முதுகெலும்பு முழுவதும் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஒளிர்ந்தது. கழுத்தில் கட்டி இருந்த இடமோ இருண்டிருந்தது. "நோய் புகுந்திருந்தால் பெரும்பாலும் திட்டுத் திட்டாக இருக்கும். இது ஊசி போட்டதால் மஜ்ஜை மும்முரமாக வேலை செய்கிறது. வேலை செய்கிறவனும் சர்க்கரை தின்பான் அல்லவா? கட்டி அணைந்திருக்கிறது. மருந்து கேட்கிறது. வைத்தியத்தை நிறுத்தாதீர்கள்" என்றார்.

பெயிண்டர் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதார். அன்றே மருந்து ஏற்றினார்கள். இப்போதும் ஏறிக்கொண்டிருக்கிறது. தறி விற்கப்படவில்லை.

படம் பொய் சொல்லவில்லை, தோழர்களே. "இங்கே சர்க்கரை செலவாகிறது" என்று மட்டுமே அது சொன்னது. தின்றவன் திருடனா, உழைப்பாளியா என்பதை மனிதன்தான் விசாரிக்க வேண்டும். படம் எடுத்த இடத்தில் விசாரிக்க ஆள் இல்லை. உறையைக் கொடுக்கத்தான் ஆள் இருந்தது. அங்கேதான் அபாயம்.

நம் நாட்டில் இன்னொரு அபாயமும் உண்டு. காசநோய்க் கட்டியும் பெட் படத்தில் புற்றுநோய் போலவே ஒளிரும். படத்தை மட்டும் பார்த்து இரண்டில் எதையும் முடிவு கட்டக் கூடாது. சதைச் சோதனை வேண்டும். காசநோய்க்காரனுக்குப் புற்று மருந்தும், புற்றுக்காரனுக்குக் காச மருந்தும் போவது ஏழையின் உயிரோடு விளையாடுவதாகும்.

குண்டா, மருந்தா?

'அணு' என்றதும் ஹிரோஷிமாவை நினைத்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. பயத்துக்குக் காரணமும் உண்டு. 1945 ஆகஸ்டில் விழுந்த குண்டு அன்று கொன்றதோடு நிற்கவில்லை. தப்பியவர்களின் மஜ்ஜைக்குள் கதிர் புகுந்தது. சில வருஷங்களுக்குள் இரத்தப் புற்றுநோய் பெருகியது. குண்டு விழுந்தபோது இரண்டு வயதாயிருந்த சடாகோ என்ற சிறுமி 1955-ல் பன்னிரண்டாம் வயதில் அந்த நோயால் இறந்தாள்.

அணுவை மருந்துக்கு வைத்துக்கொள், குண்டுக்கு வேண்டாம் என்று முன்னால் நின்று சொன்னவர் அதே ஜோலியோ கியூரிதான். 1950-ல் அணு ஆயுதத்தைத் தடை செய்யக் கோரும் ஸ்டாக்ஹோம் அறைகூவலை அவர் தலைமையில் வெளியிட்டார்கள். அந்த வருஷமே பிரெஞ்சு சர்க்கார் அவரை அணுசக்தித் தலைமைப் பதவியிலிருந்து நீக்கியது.

படத்துக்குச் செலுத்தும் அணு சிறிதளவு. வேகமாகத் தேய்ந்து போகும். டெக்னீசியம் ஆறு மணி நேரத்தில் பாதியாகிறது. புளோரின் 110 நிமிஷத்தில் பாதியாகிறது. ஆனாலும் கதிர் கதிர்தான். ஒரு பெட் படத்தில், இயற்கை நமக்குச் சில வருஷங்களில் தரும் கதிர் ஒரே நாளில் சேர்ந்துவிடும். நோயாளிக்கு லாபம் அதைவிடப் பெரிது, எடுக்கலாம். நோயில்லாதவனை "உடம்பு முழுக்கச் சோதனை" என்று ஆசை காட்டி அழைப்பது வைத்தியம் அல்ல, வியாபாரம்.

110 நிமிஷத்தில் பாதியாகும் சரக்கு

சங்ககிரி லாரி ஊர். ஒரு கணக்குப் போடுவோம். காலை ஆறு மணிக்கு நூறு மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி கிளம்புகிறது. 110 நிமிஷம் ஆனதும் வண்டியில் ஐம்பது மூட்டைதான் இருக்கிறது. இன்னொரு 110 நிமிஷத்தில் இருபத்தைந்து. பதினொன்றரை மணிக்குப் பன்னிரண்டரை மூட்டை. யாரும் திருடவில்லை, சரக்கின் குணமே அது! பெட் மருந்து அப்படிப்பட்ட சரக்கு. சைக்ளோட்ரான் என்ற எந்திரம் உள்ள இடத்தில் அதைச் செய்து உடனே கொண்டுபோக வேண்டும். நோயாளி பஸ்ஸைத் தவறவிட்டால் மருந்து காத்திருக்காது.

டெக்னீசியம் விஷயம் வேறு. அதன் தாய் மாலிப்டினம், 66 மணி நேரத்தில் பாதியாவது. தாயை ஈயக் கூட்டுக்குள் வைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். தினம் காலையில் உப்பு நீரை ஊற்றினால் டெக்னீசியம் இறங்கும். உலகெங்கும் டாக்டர்கள் இதைப் 'பசு' என்றும், இறக்குவதைப் 'பால் கறப்பது' என்றும்தான் சொல்கிறார்கள். ஒரு வாரத்தில் பசு வற்றிவிடும்; புதுப் பசு வரவேண்டும்.

இந்தப் பசுவின் பட்டி எங்கே? அணு உலைகளில். 2009 மே மாதம் கனடாவில் சாக் ரிவர் என்ற இடத்தில் ஒரு பழைய உலை ஒழுகியதால் நின்றது. 2010 ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது. உலகின் பெரும்பகுதிக்குச் சரக்குக் கொடுத்து வந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய சில உலைகளே. பல நாடுகளில் படம் எடுக்கும் வேலை தடைப்பட்டது. ஒரு ஊரின் உலை நின்றால் இன்னொரு ஊரின் நோயாளி காத்துக் கிடக்கிறான்!

நம் நாட்டில் இந்த வேலைக்கு அடித்தளம் டிராம்பேயில் போடப்பட்டது. 1956 ஆகஸ்டில் அப்சரா உலை, 1960-ல் சைரஸ், 1985-ல் துருவா. மருத்துவத்துக்கான கதிர்ப் பொருள்களைத் தயாரித்து நாடெங்கும் அனுப்புவது அரசாங்கத்தின் வேலையாகவே இருந்து வருகிறது. அந்த உலைகளைக் கட்டிய பணம் யாருடையது? தீப்பெட்டி வாங்கினாலும் வரி கட்டுகிற நம்முடையதும்தான்.

கூலியும் படமும்

தனியார் கூடத்தில் ஒரு பெட் படம் பத்தாயிரத்துக்கு மேல். இருபதாயிரம் கேட்கிற இடமும் உண்டு. நடுவில் பதினைந்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் அறிவித்த கூலி 336 ரூபாய். அந்தக் கணக்கில் ஒரு படம் 45 நாள் கூலி! சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல் 45 நாள். வைத்தியத்தின் தொடக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று என்று மூன்று படம் தேவைப்பட்டால்?

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மதுரையிலும் கோவையிலும் பெட் கருவி வந்திருக்கிறது. வரவேற்கிறோம். சங்ககிரியிலிருந்து கோவை சுமார் 120 கிலோமீட்டர். முதல் நாள் இரவே போய்த் தங்க வேண்டும். துணைக்கு ஒருவர் வேண்டும். இருவர் கூலியும் போகும். படத்தின் கட்டணத்தை மட்டும் கணக்குப் பார்க்கிறவர்கள் இந்தச் செலவைப் பார்ப்பதில்லை.

சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954-ல் புற்றுநோய் நிலையம் தொடங்கியபோது இருந்தவை பன்னிரண்டு படுக்கைகள். ஏழையும் பணக்காரனும் ஒரே வைத்தியம் பெறவேண்டும் என்ற கொள்கையோடு டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். பணக்காரன் கொடுத்த கட்டணம் ஏழையின் வைத்தியத்துக்கு உதவிற்று. 2021 ஜனவரியில் மறையும்வரை டாக்டர் சாந்தா அந்த வளாகத்திலேயே வாழ்ந்தார். அது தருமம் அல்ல, அமைப்பு முறை. அதை ஒரு நிலையம் செய்ய முடியுமானால், ஒரு சர்க்கார் செய்ய முடியாதா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மஜ்ஜையைக் கெடுக்கும் பொருள்களில் பென்சீன் ஒன்று என்பது நிரூபணமான உண்மை. துருக்கியில் இஸ்தான்புல் நகரில் பென்சீன் கலந்த பசையைக் கொண்டு செருப்புத் தைத்த தொழிலாளர்களிடையே 26 பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதை டாக்டர் அக்சாய் 1974-ல் வெளியிட்டார். நம் பெயிண்டரின் நோய்க்குத் தின்னர்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் மூடிய கொட்டகையில், முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, நாளெல்லாம் பெயிண்டையும் தின்னரையும் மூச்சாக இழுக்கிறவனுக்கு வருஷம் ஒரு முறை இரத்தச் சோதனையாவது உண்டா? பத்துப் பேருக்குக் குறைந்த பட்டறை என்றால் ஈ.எஸ்.ஐ. பொதுவாகக் கட்டாயமும் இல்லை. நோய் வந்தபின் எலும்புக்குள் விளக்குப் போட்டுப் பார்ப்பது விஞ்ஞானம். வராமல் காப்பது அதைவிடப் பெரிய விஞ்ஞானம்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை. பெட் படத்துக்கு முன் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் தண்ணீர் தவிர வேறு எதுவும் சாப்பிடக் கூடாது. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். முதல் நாள் மூட்டை தூக்குவதும் மண்வெட்டி பிடிப்பதும் வேண்டாம். உழைத்த சதையும் ஒளிர்ந்து படத்தைக் குழப்பும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் கட்டாயம் சொல்ல வேண்டும். மருந்து ஏற்றிய தேதி, வெள்ளை அணுவுக்கு ஊசி போட்ட தேதி, பழைய காசநோய், பழைய எலும்பு முறிவு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். ஊசி போட்டுக் குறைந்தது இரண்டு வாரமாவது கழித்துப் படம் எடுக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். படத்தின் அறிக்கையை வைத்தியம் பார்க்கும் டாக்டரிடம் காட்டும்வரை எந்த முடிவும் எடுக்காதீர்கள். வைத்தியத்துக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வகுப்புக் கட்டணம் முழுவதும் சலுகை. துணைக்குப் போகிறவருக்கு முக்கால் பங்கு சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து, நாம் கேட்க வேண்டியவை. புற்றுநோய்க்கு வைத்தியம் நடக்கும் ஒவ்வொரு அரசாங்க ஆஸ்பத்திரியின் நோயாளிக்கும், டாக்டர் எழுதிய படம் முன்பணமில்லாமல், எழுதிய வாரத்திலேயே கிடைக்க வேண்டும். கருவி வந்தால் போதாது. அதைப் படித்துச் சொல்லும் அணு மருத்துவ நிபுணர்களையும் தொழில்நுட்ப ஊழியர்களையும் நிரந்தரமாக நியமிக்க வேண்டும். அறிக்கையின் சாரத்தைத் தமிழில் எழுதி, நோயாளியிடம் வாயாலும் சொல்ல வேண்டும். துணைக்கு வருபவருக்குத் தங்க இடமும் வழிச்செலவும் வேண்டும். பெயிண்டும் தின்னரும் புழங்கும் பட்டறைகளில், எத்தனை பேர் வேலை செய்தாலும், காற்றோட்டமும் முகமூடியும் வருடாந்தர இரத்தச் சோதனையும் கட்டாயமாக வேண்டும்.

இவற்றில் எது பேராசை? உலையைக் கட்டப் பணம் கொடுத்தவன், அதில் விளைந்த வெளிச்சத்தில் தன் எலும்பைப் பார்த்துக்கொள்ளக் கேட்கிறான். அவ்வளவுதான்.

அன்றிரவு டீக்கடையில் அந்தத் தோழர் தனியாக யோசித்து முடிவெடுத்திருந்தால், இன்று அவர் வீட்டில் தறியும் இருந்திருக்காது, ஆளும் இருந்திருக்க மாட்டார். உறையைத் தூக்கிக்கொண்டு அவர் நாலு பேரிடம் வந்தார், அதனால் பிழைத்தார். உங்கள் தெருவிலும் அப்படி ஓர் உறை பெட்டிக்கடியில் கிடக்கலாம். போய்க் கேளுங்கள். எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கூடப் போங்கள். அதோடு நிற்காமல், அந்த விளக்கு எல்லா எலும்புக்கும் எரியும்வரை சேர்ந்து குரல் கொடுங்கள்!